திரைக்கதை எழுதத் தொடங்குதல்: மதுரை வட்டாரம் காட்டும் வழிகள்

ஒரு கதையைத் திரையில் பார்க்கவும் கேட்கவும் கூடிய காட்சிகளாகப் பிரித்து, வரிசைப்படுத்தி எழுதும் எழுத்து வடிவமே திரைக்கதை. சிறுகதை அல்லது நாவல் வாசகரிடம் நேரடியாகப் போய்ச் சேர்கிறது. திரைக்கதை அப்படியல்ல. தயாரிப்பாளர், இயக்குநர், ஒளிப்பதிவாளர், நடிகர் எனப் பலர் படித்து வேலை செய்வதற்கான மூல ஆவணம் அது. திரைக்கதை எழுத விரும்பும் இளைஞர்கள் எங்கே தொடங்குவது என்பதை மதுரை நகரத்தையும் அதைச் சுற்றிய வட்டாரத்தையும் சேர்ந்த படைப்பாளிகளின் அனுபவங்களைக் கொண்டு இக்கட்டுரை விளக்குகிறது.

இந்த வட்டாரத்திலிருந்து சென்று தமிழ்த் திரையுலகில் நிலைபெற்றவர்கள் வெவ்வேறு வழிகளில் உள்ளே நுழைந்தார்கள். சிலர் உதவி இயக்குநராகவும், சிலர் குறும்படம் எடுத்தும், சிலர் இலக்கியத்தின் வழியாகவும் சென்றனர். எந்த வழியாக இருந்தாலும் அவர்களை முன்னே கொண்டுசென்றது மனத்திலிருந்த கதை மட்டுமன்று. பிறர் கையில் கொடுக்கவோ, பிறருக்குத் திரையிட்டுக் காட்டவோ கூடிய, முடித்துவைத்த ஒரு படைப்பு.

பின்னணி

மதுரைக்கும் நாடக எழுத்துக்கும் உள்ள உறவு திரைப்படத்துக்கு முந்தியது. சங்கரதாஸ் சுவாமிகள் 1918-ல் தத்துவ மீனலோசனி வித்துவ பால சபாவை மதுரையில் தொடங்கினார். பின்னாளில் டி.கே.எஸ். சகோதரர்கள் என்று புகழ்பெற்றவர்கள் சிறுவர்களாக அங்குதான் பயின்றனர். தமிழ்ப் பேசும்படத்தின் தொடக்கக் காலத்து நடிகர்களும் எழுத்தாளர்களும் பெரும்பாலும் இத்தகைய நாடகக் குழுக்களிலிருந்தே வந்தவர்கள்.

1952 தீபாவளிக்கு வெளியான 'பராசக்தி' மதுரையில் தங்கம் திரையரங்கில் திரையிடப்பட்டது. 2,500-க்கும் மேற்பட்ட இருக்கைகள் கொண்டிருந்த அந்த அரங்கு ஆசியாவிலேயே பெரியது என்று சொல்லப்பட்டது. அந்தப் படம் மு. கருணாநிதியின் வசனத்துக்காகவே பேசப்பட்டது. எழுதியவரின் பெயருக்காகவும் மக்கள் அரங்குக்கு வருவார்கள் என்பதற்கு அது சான்று.

1977-ல் வெளியான '16 வயதினிலே' இன்னொரு திருப்பம். அன்றைய மதுரை மாவட்டத்திலிருந்த (இன்று தேனி மாவட்டம்) அல்லிநகரத்தைச் சேர்ந்த பாரதிராஜா அந்தப் படத்தின் மூலம் கதையை ஸ்டூடியோ அரங்கிலிருந்து கிராமத்து மண்ணுக்குக் கொண்டுவந்தார். ஊரில் கண்ட மனிதர்களையும் கேட்ட பேச்சையும் திரைக்கதையாக்கலாம் என்ற துணிவை அடுத்த தலைமுறைக்கு அது தந்தது.

நுழைந்த வழிகள்

உதவி இயக்குநர் வழி

தமிழ்த் திரையுலகில் திரைக்கதை கற்பதற்கு நெடுங்காலமாக இருந்துவரும் பள்ளி, இயக்குநரின் உதவியாளர் குழு. கதை விவாதத்தில் உட்கார்வது, காட்சிகளைப் படியெடுத்து எழுதுவது, படப்பிடிப்பில் எழுதியது எப்படி மாறுகிறது என்று பார்ப்பது ஆகியவையே அங்குப் பாடம். '16 வயதினிலே' படத்தில் உதவியாளராக இருந்த கே. பாக்யராஜ், 1978-ல் பாரதிராஜாவின் 'சிகப்பு ரோஜாக்கள்' படத்துக்கு வசனம் எழுதினார். அடுத்த ஆண்டே 'சுவரில்லாத சித்திரங்கள்' மூலம் இயக்குநரானார். பின்னாளில் அவர் பெயரே திரைக்கதைக்கு அடையாளமாகிவிட்டது.

இன்னொரு மரபு பாலு மகேந்திராவிடமிருந்து வருகிறது. அவரிடம் பயின்ற பாலா தேனி வட்டாரத்தைச் சேர்ந்தவர். பாலாவிடம் பயின்ற அமீரும் சசிகுமாரும் மதுரைக்காரர்கள். அமீரின் 'பருத்திவீரன்' 2007-லும், சசிகுமாரின் 'சுப்ரமணியபுரம்' 2008-லும் வெளியாயின. இந்தி இயக்குநர் அனுராக் காஷ்யப் தமது 'கேங்ஸ் ஆஃப் வாஸிப்பூர்' (2012) படத்தின் தொடக்கத்தில் பாலா, அமீர், சசிகுமார் மூவரையும் மதுரை மூவர் என்று குறிப்பிட்டு, தம் சொந்த மண்ணுக்குத் திரும்பும் தூண்டுதலை அவர்களே தந்ததாக நன்றி தெரிவித்திருக்கிறார்.

இந்த வழியின் பலம் பயிற்சி, பலவீனம் காலம். உதவி இயக்குநருக்கு ஊதியம் குறைவு. சென்னையில் தங்குவதற்கும் சாப்பாட்டுக்குமே அது போதாமல் போகலாம். எத்தனை படங்களில் வேலை செய்தால் தனி வாய்ப்பு வரும் என்பதற்குக் கணக்கும் இல்லை. உதவியாளராக இருக்கும்போதே சொந்தத் திரைக்கதையை எழுதி முடிக்காதவர்களுக்கு ஆண்டுகள் மட்டுமே கழிகின்றன.

குறும்பட வழி

கார்த்திக் சுப்புராஜ் மதுரையில் பிறந்து, அங்குள்ள தியாகராசர் பொறியியல் கல்லூரியில் படித்தவர். மென்பொருள் துறையில் வேலை பார்த்தவர். யாரிடமும் உதவி இயக்குநராகச் சேராமல், கலைஞர் தொலைக்காட்சியின் 'நாளைய இயக்குநர்' போட்டியில் குறும்படங்கள் எடுத்து அறிமுகமானார். நலன் குமரசாமி, பாலாஜி மோகன் போன்றோரும் அதே மேடையிலிருந்து வந்தவர்கள்.

அவருடைய தொடக்கத்தில் கவனிக்க வேண்டியது ஒன்று உண்டு. அவர் முதலில் எடுக்க நினைத்த திரைக்கதை 'ஜிகர்தண்டா'. புதியவரை நம்பி அந்தச் செலவுக்குத் தயாரிப்பாளர் கிடைக்கவில்லை. எனவே அதை எடுத்துவைத்துவிட்டு, சில நடிகர்களையும் ஒரு பங்களாவையும் பெரிதும் நம்பிய 'பீட்சா'வை எழுதினார். சி.வி. குமார் தயாரித்த அந்தப் படம் 2012 அக்டோபரில் வெளியாகி வெற்றிபெற்றது. அதன் பிறகே, 2014 ஆகஸ்டில், 'ஜிகர்தண்டா' வந்தது. அப்படம் சிறந்த துணை நடிகர், சிறந்த படத்தொகுப்பு ஆகிய இரண்டு தேசிய விருதுகளைப் பெற்றது.

தம் பெருங்கனவைக் கைவிடாமல் தள்ளிவைத்ததும், கையிலிருக்கும் வசதிக்குள் அடங்கும் கதையை முதலில் எழுதியதும் ஒரு திரைக்கதையாசிரியரின் முடிவுகள். இடங்கள் எத்தனை, பாத்திரங்கள் எத்தனை, இரவுக் காட்சிகள் எத்தனை, கூட்டம் தேவையா என்ற கேள்விகள் தயாரிப்பு நிர்வாகிக்கு மட்டும் உரியவை அல்ல. புதிதாக எழுதுபவரின் முதல் திரைக்கதை படமாகுமா, அலமாரியில் இருக்குமா என்பதைப் பெரும்பாலும் அவையே முடிவுசெய்கின்றன.

உசிலம்பட்டியைச் சேர்ந்த ம. மணிகண்டனின் பாதையும் இதற்கு நெருக்கமானது. திருமண நிகழ்ச்சிகளைப் படம் எடுத்துப் பிழைத்தவர், பின்னர் ஒளிப்பதிவாளரானார். 2010-ல் அவர் எடுத்த 'விண்ட்' என்ற குறும்படம் வெற்றிமாறனின் கவனத்துக்குப் போனது. அந்தத் தொடர்பில் 'காக்கா முட்டை' உருவானது. அது சென்னைக் குடிசைப்பகுதிச் சிறுவர்களின் கதை. சொந்த ஊர் விவசாயியைப் பற்றிய 'கடைசி விவசாயி' 2022-ல்தான் திரைக்கு வந்தது. உசிலம்பட்டிப் பகுதியில் எடுக்கப்பட்ட அந்தப் படத்தின் நாயகனாக நடித்தவர் நல்லாண்டி என்ற முதிய விவசாயி. படம் வெளிவருமுன்பே அவர் இறந்துவிட்டார். படத்துக்குச் சிறந்த தமிழ்ப் படத்துக்கான தேசிய விருதும், நல்லாண்டிக்குச் சிறப்புக் குறிப்பும் கிடைத்தன.

இலக்கிய வழி

மதுரை எழுத்தாளர் சு. வெங்கடேசனின் 'காவல் கோட்டம்' நாவல் 2008-ல் வெளியாகி, 2011-ல் சாகித்திய அகாதெமி விருது பெற்றது. அதன் ஒரு பகுதியே வசந்தபாலன் இயக்கத்தில் 'அரவான்' (2012) ஆனது. தேனி வட்டாரத்து எழுத்தாளர் பாஸ்கர் சக்தியின் கதையிலிருந்து சுசீந்திரன் 'அழகர்சாமியின் குதிரை' (2011) எடுத்தார். சுசீந்திரனின் 'வெண்ணிலா கபடிக் குழு'வுக்கு வசனம் எழுதியவரும் பாஸ்கர் சக்தியே. மதுரையைக் களமாகக் கொண்ட 'சண்டக்கோழி'க்கு (2005) எழுத்தாளர் எஸ். ராமகிருஷ்ணன் வசனம் எழுதினார். அச்சில் வந்த கதை எழுதியவருக்கு அறிமுகச் சீட்டு போன்றது. இயக்குநர் தேடிவந்து கேட்கும் நிலையை அது உண்டாக்கக்கூடும்.

திரைக்கதை எழுதும் படிநிலைகள்

தமிழ்த் திரையுலகில் புழங்கும் சொற்களின்படி வேலை பொதுவாக இப்படி நகர்கிறது.

ஒரு வரிக் கதை: யார், எதை விரும்புகிறார், எது தடுக்கிறது என்பதை ஒன்றிரண்டு வாக்கியங்களில் எழுதுவது.

கதைச் சுருக்கம்: தொடக்கம் முதல் முடிவு வரை இரண்டு அல்லது மூன்று பக்கங்களில் எழுதுவது. முடிவை மறைத்துவைக்கக் கூடாது. படிப்பவர் தயாரிப்பாளரே தவிர ரசிகர் அல்லர்.

ஒன்லைன் ஆர்டர்: ஒவ்வொரு காட்சியையும் ஒரு வரியில் எழுதி வரிசைப்படுத்துவது. தமிழ்ப் படத்துக்கு இடைவேளை உண்டு என்பதால், நடுவில் கதை எங்கே திரும்புகிறது என்பது இந்த வரிசையில் தெளிவாகத் தெரிய வேண்டும்.

முழுத் திரைக்கதை: காட்சி எண், இடம், நேரம், செயல், வசனம் ஆகியவற்றுடன் எழுதுவது. முழுமையாக எழுதித் தைத்துவைத்த படியைப் பவுண்ட் ஸ்கிரிப்ட் என்பர். ஒரு பக்கம் ஏறத்தாழ ஒரு நிமிடம் என்பது உலகளவில் புழங்கும் பொதுக் கணக்கு. கையெழுத்துக்கும் தமிழ் எழுத்துருவுக்கும் ஏற்ப அது மாறும். எழுதியதை வாய்விட்டு நடித்துப் படித்து நேரம் பார்ப்பதே நம்பகமான அளவு.

கதை சொல்லுதல்: தயாரிப்பாளரிடமும் நடிகரிடமும் கதையை வாயால் சொல்வது தமிழ்த் திரையுலகில் இன்றும் முக்கியமான கட்டம். பத்து நிமிடத்திலும் சொல்லத் தெரிய வேண்டும், இரண்டு மணி நேரமும் சொல்லத் தெரிய வேண்டும்.

எடுத்துக்காட்டாக ஒரு கற்பனைக் காட்சி:

காட்சி 4
வெளி / மாட்டுத்தாவணி பூ மார்க்கெட் / விடியற்காலை

செல்வி (17) மல்லிகைப்பூப் பையைத் தராசில் வைக்கிறாள். கமிஷன் கடைக்காரர் கைப்பேசியில் பேசிக்கொண்டே சீட்டு எழுதுகிறார். தராசில் 6.400. சீட்டில் 6.

செல்வி: அண்ணே, நானூறு கிராம் எங்கிட்டுப் போச்சு?

கடைக்காரர்: ஈரம்மா. ஈரத்தக் கழிக்கணும்ல.

செல்வி ஒரு கை பூவை அள்ளி, அவருடைய சீட்டுப் புத்தகத்தின் மேல் உதறுகிறாள். தாள் நனையவில்லை.

இந்தக் காட்சியில் செல்வி துணிச்சலானவள் என்றோ, கடைக்காரர் ஏமாற்றுபவர் என்றோ எங்கும் எழுதப்படவில்லை. தராசு, சீட்டு, நனையாத தாள் ஆகிய மூன்றும் அதைச் சொல்லிவிடுகின்றன. படம்பிடிக்க முடியாததை எழுதாமல் இருப்பதே திரைக்கதையின் அடிப்படை ஒழுக்கம்.

ஊரை எழுதுதல்

'பருத்திவீரன்', 'சுப்ரமணியபுரம்' ஆகியவற்றின் வெற்றிக்குப் பிறகு மதுரைப் படம் என்றாலே அரிவாள், பழிவாங்கல், திருவிழாப் பாட்டு என்ற வார்ப்பு உருவாகிவிட்டது. ஆனால் அந்தப் படங்களை நிலைநிறுத்தியது அரிவாள் அன்று. 'சுப்ரமணியபுரம்' 1980-ஆம் ஆண்டின் மதுரையை உடை, பாட்டு, தெரு எனக் கட்டியெழுப்பி, வேலையற்ற இளைஞர்களின் நட்பை அரசியல் எப்படிப் பயன்படுத்தி எறிகிறது என்று காட்டியது. 'பருத்திவீரன்' காதலுக்குள் சாதி என்ன செய்கிறது என்று காட்டியது. பாலாஜி சக்திவேலின் 'காதல்' (2004) ஒரு மெக்கானிக் பையனையும் வசதியான வீட்டுப் பெண்ணையும் வைத்து அதே கேள்வியைக் கேட்டது. மேலே உள்ள அடையாளங்களை மட்டும் நகலெடுப்பவர்களுக்கு நகலே மிஞ்சும்.

'ஜிகர்தண்டா'வின் கதையே இதைப் பற்றியதுதான். திரைக்கதைக்காக ஒரு ரவுடியின் வாழ்க்கையை நேரில் கவனிக்க மதுரைக்கு வரும் இளம் இயக்குநர், தாம் தேடிய கதையிலேயே மாட்டிக்கொள்கிறார்.

உள்ளூரில் வாழும் இளைஞருக்கு வெளியூர்க்காரருக்குக் கிடைக்காத ஒன்று இருக்கிறது. மேலூரின் கல்குவாரிகள், சுங்குடிச் சேலைக்கு முடிச்சுப் போடும் வீடுகள், தொலைதூர மாவட்டங்களிலிருந்து உயர் நீதிமன்றக் கிளைக்கு வழக்குக்காக வரும் குடும்பங்கள், இரவெல்லாம் திறந்திருக்கும் தேநீர்க்கடைகள் ஆகியவற்றை அவர் நாள்தோறும் பார்க்கிறார். மதுரைத் தமிழும் ஒரே தமிழன்று. நகரத்தின் பேச்சு வேறு, உசிலம்பட்டிப் பேச்சு வேறு. வீட்டில் சௌராஷ்டிரம் பேசுபவரின் தமிழ் இன்னொரு வகை. யார் யாரை அண்ணே என்கிறார், யார் ஐயா என்கிறார் என்பதிலேயே ஒரு காட்சியின் அதிகார உறவு தெரிந்துவிடும். இவற்றைக் குறிப்பேட்டில் எழுதிவைப்பது செலவில்லாத பயிற்சி.

கற்பதற்கான இடங்களும் நூல்களும்

சென்னை தரமணியிலுள்ள எம்.ஜி.ஆர். அரசு திரைப்பட மற்றும் தொலைக்காட்சிப் பயிற்சி நிறுவனம் இயக்கமும் திரைக்கதையும் சேர்ந்த இளங்கலைப் பட்டப்படிப்பை நடத்துகிறது. மேல்நிலைப் பள்ளிக் கல்வி முடித்தவர்கள் விண்ணப்பிக்கலாம். தனியார் நிறுவனங்களோடு ஒப்பிட்டால் கட்டணம் மிகக் குறைவு. புனே திரைப்பட நிறுவனத்திலும் திரைக்கதை எழுத்துக்கான படிப்பு உண்டு.

மதுரையில் இருந்தபடியே படிக்க விரும்புவோருக்குப் புது நத்தம் சாலையில் 2023 ஜூலை 15 அன்று திறக்கப்பட்ட கலைஞர் நூற்றாண்டு நூலகம் பெரிய வசதி. தமிழில் சுஜாதாவின் 'திரைக்கதை எழுதுவது எப்படி?' நூல் தொடக்கநிலைக்கு ஏற்றது.

நூலறிவைவிடப் பயன் தருவது ஒரு பழைய பயிற்சி. பாலு மகேந்திரா தமிழ்ச் சிறுகதைகளை எடுத்து 'கதை நேரம்' என்ற தொலைக்காட்சித் தொடராகக் குறும்படங்கள் செய்தார். அதேபோல் ஒரு சிறுகதையைத் தேர்ந்து பத்துப் பக்கத் திரைக்கதையாக மாற்றிப் பார்க்கலாம். கதையில் மனத்துக்குள் நிகழ்வதை வெளியே தெரியும் செயலாக மாற்றும் பழக்கம் அதில் வரும். பயிற்சிக்காக எழுதுவது வேறு, படமாக்கி வெளியிடுவது வேறு. பின்னதற்கு ஆசிரியரின் எழுத்துப்பூர்வ அனுமதி தேவை.

உரிமையும் பாதுகாப்பும்

கதை திருடப்பட்டது என்ற புகார் தமிழ்த் திரையுலகில் அடிக்கடி எழுவது. எனவே எழுதத் தொடங்கும்போதே சட்டத்தின் அடிப்படைகளை அறிந்திருப்பது நல்லது.

பதிப்புரிமைச் சட்டம் 1957 கருத்தை மட்டும் பாதுகாப்பதில்லை. எழுதப்பட்ட வெளிப்பாட்டையே பாதுகாக்கிறது. 1978-ல் ஆர்.ஜி. ஆனந்த் வழக்கில் உச்ச நீதிமன்றம் இதைத் தெளிவாகக் கூறியது. ஒரு மேடை நாடகத்திலிருந்து இந்தித் திரைப்படம் ஒன்று நகலெடுக்கப்பட்டது என்பது வழக்கு. பொதுவான கருவுக்கு யாரும் தனியுரிமை கொண்டாட முடியாது என்று கூறிய நீதிமன்றம், நாடகாசிரியரின் கோரிக்கையை ஏற்கவில்லை. தேநீர்க்கடையில் சொன்ன ஒரு வரிக் கதைக்கு உரிமை கோருவது கடினம். எழுதி முடித்த நூறு பக்கத்துக்கு உரிமை கோருவது எளிது.

எழுதியவுடனேயே பதிப்புரிமை பிறந்துவிடுகிறது, பதிவு கட்டாயமன்று. ஆனாலும் எழுதிய தேதிக்குச் சான்றாகப் பதிவு உதவும். பதிப்புரிமை அலுவலகத்தில் இலக்கியப் படைப்பாகப் பதியலாம். தென்னிந்திய திரைப்பட எழுத்தாளர்கள் சங்கத்திலும் உறுப்பினர்கள் கதையைப் பதிந்துவைக்கின்றனர். 2018-ல் 'சர்கார்' படத்தின் கதை குறித்து எழுந்த புகாரில், இச்சங்கத்தில் பல ஆண்டுகளுக்கு முன் பதியப்பட்டிருந்த ஒரு கதையே ஆதாரமாக அமைந்தது. உயர் நீதிமன்றம்வரை சென்ற அந்தப் பிரச்சினை, புகார் கொடுத்தவருக்குப் படத்தில் அங்கீகாரம் தரும் உடன்பாட்டில் முடிந்தது.

உரிமையை விற்கும்போது ஒப்பந்தம் எழுத்தில் இருக்க வேண்டும் என்பது சட்டம். காலம் குறிப்பிடப்படாத ஒப்பந்தம் ஐந்து ஆண்டுகளுக்கும், நிலப்பரப்பு குறிப்பிடப்படாதது இந்தியாவுக்கும் மட்டுமே பொருந்தும். திரைக்கதை, வசனம் ஆகியவற்றில் யார் பெயர் எப்படி வரும் என்பதையும், பணம் எந்தெந்தக் கட்டத்தில் தரப்படும் என்பதையும் ஒப்பந்தத்தில் எழுதிக்கொள்வது பின்னாள் மனவருத்தத்தைத் தவிர்க்கும். வாய்ப்புத் தருவதாகச் சொல்லிப் புதியவரிடம் பணம் கேட்பவரை நம்பக் கூடாது. எழுதுபவருக்குப் பணம் தருவதுதான் முறை.

முதல் ஓராண்டு

வேலையோ படிப்போ எதையும் விடாமல் முதல் ஆண்டில் செய்து முடிக்கக்கூடிய அளவு சிறியதுதான். முதல் மூன்று மாதங்களில் விருப்பமான ஐந்து படங்களைப் பார்த்து, நிறுத்தி நிறுத்தி ஒவ்வொன்றுக்கும் ஒன்லைன் ஆர்டர் எழுதலாம். அடுத்த மூன்று மாதங்களில் இரண்டு சிறுகதைகளைத் திரைக்கதையாக்கலாம். பிறகு, சொந்தத் தெருவில் இரண்டு இடங்களுக்குள்ளும் மூன்று பாத்திரங்களுக்குள்ளும் அடங்கும் எட்டு நிமிடக் குறும்படம் ஒன்றை எழுதி, கைப்பேசியிலாவது எடுத்து, தெரியாதவர்கள் நடுவே திரையிட வேண்டும். தெரியாதவர் எந்த இடத்தில் கைப்பேசியை எடுத்துப் பார்க்கிறார் என்பது நண்பர்கள் சொல்லும் பாராட்டைவிடப் பயனுள்ள விமர்சனம். ஆண்டின் கடைசி மாதங்கள் முழுநீளத் திரைக்கதையின் முதல் படிக்கு உரியவை.

அந்த முதல் படி பெரும்பாலும் நன்றாக இராது. ஆனால் திருத்துவதற்குக் கையில் ஒன்று இருக்கும். சென்னைக்குப் பேருந்து ஏறுவதா, ஊரிலிருந்தே எழுதுவதா என்ற கேள்வியை அதன் பிறகு எழுப்பினால், பதில் சொல்வது எளிதாக இருக்கும்.